அம்மாவின் ஈறும் தம்பி வாங்கப்போகிற புரோபயோட்டிக் குளிசையும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 51 வயது, இன்னும் கொழுந்துக்குப் போகிறார். சீனி வருத்தம் இருக்கிறது, வெற்றிலைப் பழக்கமும் உண்டு. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, கீழ் முன்பல் இரண்டு ஆடுகிறது, வாய் நாற்றம் வேறு. கொழும்பில் வேலை செய்யும் தம்பி, ஈறுக்கு நல்லது என்று யாரோ சொன்ன புரோபயோட்டிக் குளிசை வாங்கி அனுப்பப் போகிறாராம். "வாங்கலாமா? வீட்டு மாட்டுத் தயிரே போதாதா? பல் கிளீன் பண்ணினால் ஆடுகிற பல் விழுந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார்" என்பது கேள்வி.

தம்பியிடம் சொல்லுங்கள்: வாங்குவதென்றால் பிறகு வாங்கலாம். இப்போதைக்கு அந்தக் காசை, அம்மா ஒரு நாள் பெரட்டுக்குப் போகாமல் பல் கிளினிக்குக்குப் போவதற்கு அனுப்பட்டும். சிகிச்சை அரச வைத்தியசாலையில் இலவசம்தான். ஆனால் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகுமே, பஸ் காசு வேண்டுமே என்றுதான் எங்கள் அம்மாமார் பல்லைக் கடைசியில் வைக்கிறார்கள். மலையகத்தில் பல வருடமாகப் பல் வைத்தியம் பார்த்து வருகிறேன். மருந்தைவிட அந்த ஒரு பேர்தான் பெரிய தடை என்று பல தடவை கண்டிருக்கிறேன்.

இனி விளக்கமாக.

ஈறு என்று எழுதுகிறேன். தோட்டத்துப் பேச்சில் எகிறு என்பார்கள், யாழ்ப்பாணத்துப் பக்கம் முரசு. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் எல்லோருக்கும் ஒரு சின்னப் பள்ளம் உண்டு, நலமான வாயில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம். அங்கேதான் ஊத்தை படிகிறது. ஊத்தையைச் சாப்பாட்டு மிச்சம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது கிருமிகள் ஒன்றுகூடி, பசை மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற படலம். கொப்பளித்தால் போகாது, மருந்தும் லேசில் உள்ளே இறங்காது, தேய்த்தால்தான் போகும். தேய்க்காமல் விட்டால் எச்சிலில் இருக்கிற கல்சியம் அதில் இறங்கிக் கல்லாக இறுகும். அந்தக் கல்லின் சொரசொரப்பில் புது ஊத்தை ஏறும்.

உடம்பு சும்மா இருக்காது. அந்த இடத்துக்கு ரத்தத்தை அனுப்பும், ஈறு சிவந்து வீங்கும், பிரஷ் பட்டதும் ரத்தம் கசியும். இந்தக் கட்டம் வரைக்கும் முழுசாகத் திரும்பி வந்துவிடலாம். நோர்வேயைச் சேர்ந்த ஹெரால்ட் லோ என்ற பல் வைத்தியர் 1965ல் வெளியிட்ட ஆய்வில், நல்ல வாயுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் அடங்கிவிட்டது. ஒரு மருந்தும் கொடுக்கவில்லை.

அதைத் தாண்டிவிட்டால் கதை வேறு. பள்ளம் 4, 5, 7 மில்லிமீட்டர் என்று ஆழமாகிப் பையாக மாறும், பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரையும், பல் ஆடத் தொடங்கும். ஆழமான பைக்குள் ஒட்சிசன் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் செழிக்கிற கிருமிகளில் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சைதியா, ட்ரெப்போனீமா டென்டிகோலா என்ற மூன்றையும் ஒரு கூட்டமாகச் சேர்த்து 1998ல் 'சிவப்புக் கூட்டம்' என்று பெயரிட்டார்கள். அழுகல் நாற்றமடிக்கிற கந்தக வாயுக்களை விடுவதும் பெரும்பாலும் இந்த மாதிரிக் கிருமிகள்தான். உங்கள் அம்மாவின் ரத்தமும் ஆட்டமும் நாற்றமும் மூன்று வியாதி இல்லை, ஒன்றுதான்.

இதே லோதான் 1970ல் எங்கள் மலைக்கு வந்தார். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, அதே ஆட்களைத் திரும்பத் திரும்ப 1985 வரை பார்த்தது அவருடைய குழு. ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவில் படித்த ஆண்கள் 565 பேர். ஈறு நோயை யாரும் தொடாமல் விட்டால் அது எப்படிப் போகும் என்று தெரிய வேண்டுமென்றால், பிரஷ்ஷும் பல் வைத்தியரும் எட்டாத ஆட்கள் வேண்டும். அதற்கு எங்கள் லயங்கள் வசதியாக இருந்தன. இன்றைக்கும் உலகத்தில் எந்த நாட்டில் ஈறு நோய் படித்தாலும் 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்' என்ற பக்கத்தைத் தாண்டாமல் போக முடியாது. அதைப் படித்த நாளில் பெருமைப்படுவதா வயிறெரிவதா என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

ஆனால் அந்த முடிவுகளில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. எல்லோர் பல்லிலும் ஒரே மாதிரி ஊத்தை, ஒரே மாதிரிக் கல், கிட்டத்தட்ட எல்லோர் ஈறிலும் அழற்சி. இருந்தும் நோய் ஒரே வேகத்தில் போகவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு அது பாய்ந்து போனது, 45 வயதாகும்போது வாயில் பல்லே இல்லை. 81 சதவீதம் பேருக்கு நடுத்தரமான வேகம், அதே வயதில் ஏழு பல்லளவில் போயிருந்தது. மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது, பல் போகவே இல்லை. ஆகக் கிருமி இருப்பது மட்டும் விதியைத் தீர்மானிப்பதில்லை. அந்தக் கிருமிக் கூட்டத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது, உடம்பு அதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. கூட்டத்தில் நல்லவர்களின் கையை ஓங்கவைக்க முடியுமா என்ற ஆசையிலிருந்து பிறந்ததுதான் வாய்க்கான புரோபயோட்டிக்.

அதே ஆட்களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடி 2010ல் மறுபடி போனார்கள். 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. அந்த நாற்பது வருடக் கணக்கு 2017ல் வெளிவந்தது. பல்லைக் காப்பாற்றுவது எது என்று அதில் சொல்லியிருப்பவை: கல்லை எடுப்பது, ஊத்தையைக் கட்டுப்படுத்துவது, ஈறு அழற்சியை அடக்குவது, புகைப்பதை விடுவது, இதையெல்லாம் இளவயதிலேயே தொடங்குவது. புதிய சரக்கு எதுவும் அதில் இல்லை.

சரி, புரோபயோட்டிக் என்றால் என்ன? போதிய அளவில் எடுத்தால் உடம்புக்கு நன்மை செய்கிற உயிருள்ள நுண்ணுயிர். இதில் 'உயிருள்ள', 'போதிய அளவு' இரண்டும் முக்கியம். ஈறுக்காக அதிகம் ஆராயப்பட்டது லாக்டோபசிலஸ் ரியூட்டெரி. 2020ல் லாக்டோபசிலஸ் என்ற பெரிய குடும்பத்தைப் பிரித்துப் பெயர்களை மாற்றியதால் சில பெட்டிகளில் லிமோசிலாக்டோபசிலஸ் ரியூட்டெரி என்றிருக்கும், ஆள் ஒன்றுதான். பெயருக்குப் பின்னால் ஓர் இலக்கமும் இருக்க வேண்டும். ஈறு ஆய்வுகளில் அதிகம் வருவன டி.எஸ்.எம். 17938, ஏ.டி.சி.சி. பி.டி.ஏ. 5289 என்ற இரண்டு உள்வகைகள். இலக்கத்தை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், தேயிலை என்றால் எல்லாம் தேயிலைதான், ஆனாலும் தண்டு வெட்டி வளர்த்த கன்றும் பழைய விதைத் தேயிலையும் ஒரே மாதிரிக் கொழுந்து கொடுப்பதில்லையே. ஓர் உள்வகை செய்ததை அதன் சகோதரம் செய்யும் என்று நம்ப முடியாது.

இந்தக் கிருமிக் குளிசையை விழுங்கக்கூடாது, வாயில் வைத்துக் கரையவிட வேண்டும். கரையும்போது அது அமிலங்களையும் மற்றக் கிருமிகளை அடக்குகிற ரியூட்டெரின் என்ற பொருளையும் விடுகிறது, ஒட்டுகிற இடத்துக்குப் போட்டியிடுகிறது, ஈறின் அழற்சியையும் கொஞ்சம் தணிக்கிறது. 2013ல் வெளியான ஓர் ஆய்வில் 30 நோயாளிகளுக்கு முதலில் ஈறுக்கடியில் ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். பிறகு பாதிப் பேருக்கு நாளுக்கு இரண்டு தடவை இந்தக் குளிசை, மற்றப் பாதிக்குக் கிருமி இல்லாத வெறும் குளிசை, 12 வாரம். உண்மையான குளிசை சூப்பியவர்களின் ஆழமான பைகள் கூடுதலாகக் குறைந்தன. நல்ல முடிவுதான். ஆனால் இரண்டு பக்கத்தாரும் முதலில் சுத்தம் செய்யப்பட்டவர்கள். அதை விட்டுவிட்டுக் குளிசையை மட்டும் பேசுவதுதான் விளம்பரக்காரர்களின் கெட்டித்தனம்.

அதற்குப் பிறகும் பல ஆய்வுகள் வந்தன. சிலவற்றில் பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை. பெரும்பாலும் சிறிய எண்ணிக்கை, குறுகிய காலம், ஆளுக்கொரு கிருமி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ஐரோப்பிய ஈறு நோய் சம்மேளனம் 2020ல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில், சுத்தம் செய்யும் சிகிச்சையோடு புரோபயோட்டிக்கைச் சேர்க்க வேண்டாம் என்றே ஆலோசனை சொன்னது. கிடைக்கிற கூடுதல் பலன் நோயாளிக்குப் பெரிதாக உதவுமா என்பது சந்தேகம், செலவோ நிச்சயம். நானும் அந்தப் பக்கம்தான். தீங்கு என்று சொல்லமாட்டேன், முதல் செலவாக இருக்கக்கூடாது என்று சொல்வேன்.

தேயிலை மலையிலேயே இதற்கு உவமை இருக்கிறது. வயசான தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று நடுவதற்கு முன்னால் என்ன செய்வார்கள்? மரத்தை வேரோடு பிடுங்கி, குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு, ஒன்றரை இரண்டு வருடம் மண்ணைத் தேற்றி, அதற்கப்புறம்தான் கன்று இறங்கும். பழைய மரம் நிற்கிற குழியிலேயே கன்றைச் செருகினால் கங்காணி சிரிப்பார். கல்லும் ஊத்தையும் அப்படியே இருக்கிற ஈறில் நல்ல கிருமியைத் தூவுவதும் அந்த மாதிரி வேலை. ஒரு குளிசையில் 20 கோடி உயிர் இருந்தாலும், வருடக்கணக்காக இறுகிப்போன கூட்டத்துக்குள் அது புகுந்து இடம் பிடிக்காது. கல்லை அது கரைக்கவும் செய்யாது.

இனி அம்மாவின் பயம். இது அவருடைய பயம் மட்டுமில்லை, கிளினிக்குக்கு வருகிற பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். ஒரு தடவை, அம்மா வயதுள்ள ஒருவருக்குக் கீழ் முன்பல்லின் பின்பக்கம் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஆறு பல்லும் ஒரே சுவராகப் பூசினது மாதிரிக் கல். கருவியின் நுனியை அடியில் கொடுத்து நெம்பியதும் ஒரு துண்டு 'டக்'கென்று கழன்று வந்தது. அரை நகம் அளவு, வெளிப்பக்கம் வெற்றிலைக் காவி, உள்பக்கம் பல்லின் வளைவு அச்சு எடுத்தது மாதிரிப் பதிந்திருந்தது. அவர் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, பல்லைக் கழட்டிட்டீங்களே!" என்று அழத் தொடங்கிவிட்டார். கண்ணாடியைக் கொடுத்து, ஆறு பல்லையும் ஒவ்வொன்றாக அவர் விரலாலேயே தொட்டு எண்ணச் சொன்னேன். ஆறும் இருந்தது. பல்லுக்கு நடுவே இடைவெளி மட்டும் புதிதாகத் தெரிந்தது. அங்கே முதலில் ஈறு இருந்தது, பிறகு கல் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பயத்துக்குக் காரணம் இதுதான். எலும்பு கரைந்த பல்லைக் கல் பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டிவைத்திருக்கும். கல்லை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். கொஞ்ச நாள் கூசும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று இருக்கும், அதுவும் நுவரெலியாக் குளிரில் காலைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெந்நீர் கலந்து கொப்பளிக்கச் சொல்லுங்கள். சில வாரத்தில் வீக்கம் வற்றி ஈறு பல்லைச் சுற்றி இறுகும், பல பல்லின் ஆட்டமும் குறையும். எல்லாப் பல்லையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அந்த இரண்டில் ஒன்று போகலாம். ஆனால் அதைக் கழற்றுவது நோய், கிளீன் பண்ணுகிறவர் இல்லை.

தயிருக்கு வருகிறேன். வீட்டு மாட்டுத் தயிரை நான் எதற்கும் குறைசொல்லமாட்டேன். ஜப்பானில் ஹிசயாமா என்ற ஊரில் நடந்த ஆய்வில், தயிர் போன்ற புளித்த பால் உணவு அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு நோய் குறைவாகவே இருந்தது. ஆனால் தயிர் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பவராக இருக்கலாம், அதனால் இது தயிரின் வேலைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. தயிர்க் கிருமிகள் பாலில் பிறந்து வளர்ந்தவை, வாயில் தங்கிக் குடியேறாமல் தொண்டைக்குள் இறங்கிவிடும். அதோடு எங்கள் ஆட்கள் தயிரைச் சும்மாவா சாப்பிடுகிறார்கள்? கித்துள் பாணி இல்லாமல் தயிர் இறங்காது. கடை யோகட் கப்பிலும் சீனி இருக்கிறது. அம்மாவுக்கு இருக்கிற வருத்தத்துக்கு அது உதவாது. உப்புப் போட்டு, சோற்றோடு, அளவாகச் சாப்பிடட்டும். மருந்து என்று எண்ண வேண்டாம். இட்லி, தோசை மாவும் புளித்ததுதானே என்று கேட்பார்கள். அவித்ததும் சுட்டதும் அந்தக் கிருமிகள் செத்துவிடும்.

பாமசியில் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற புரோபயோட்டிக் பைக்கட்டை ஈறில் தேய்க்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். வேண்டாம். அவற்றில் பல குடலுக்கு என்றே தயாரித்தவை, சிலவற்றில் இருப்பது பக்டீரியாகூட இல்லை, ஒருவகை ஈஸ்ட்.

அம்மாவைப் பொறுத்தவரை சீனியும் வெற்றிலையும்தான் பெரிய விஷயம். சீனி கூடினால் ஈறு நோய் கூடும், ஈறு நோய் கூடினால் சீனி அடங்காது. இது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. ஈறுக்கு ஒழுங்கான சிகிச்சை எடுத்தவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு குளிசை கூட்டாமல் கிடைக்கிற இறக்கம் அது. தம்பிக்கு உடம்புக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஆசையிருந்தால், இதைவிட நல்ல விலைக்கு எதுவும் கிடைக்காது.

வெற்றிலையைப் பற்றிப் பேசினால் அம்மாமார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மழையிலும் பனியிலும் மலையேறுகிறவருக்கு அது ஒரு சூடு, ஒரு துணை. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சுண்ணாம்பும் பாக்கும் சேர்ந்து கல்லை வளர்க்கும், புகையிலை ஈறைக் கெடுக்கும். பாக்குக்குப் புகையிலை இல்லாவிட்டாலும் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை உறுதியான பட்டியலிலேயே வைத்திருக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான், பெண்களும் தப்பவில்லை. வாயைத் திறந்தால் அவருடைய மூன்று விரலும் நிமிர்த்தி உள்ளே போகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். போகாவிட்டாலோ, காரம் பட்டால் வாய் எரிந்தாலோ, கன்னத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ, ஈறு காத்திருக்கட்டும், அதை முதலில் காட்ட வேண்டும். பேராதனைப் பல் வைத்தியசாலை வரைக்கும் போக வேண்டி வந்தாலும் போங்கள்.

கிளீன் பண்ணிய பிறகும் தம்பி வாங்கித்தான் தீருவேன் என்றால், பெட்டியில் கிருமியின் முழுப்பெயரும் உள்வகை இலக்கமும் இருக்கிறதா, முடிவுத் திகதி வரை எத்தனை உயிர் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'தயாரிக்கும்போது' என்று மட்டும் போட்டிருந்தால் அம்மாவின் கைக்கு வரும்போது எத்தனை மிச்சமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கிருமிக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. லயத்தில் அடுப்புக்கு மேலேயுள்ள தட்டில் வைத்தால் செத்துப்போகும். இராத்திரி பல் துலக்கியபிறகு ஒன்றைச் சூப்பிவிட்டுப் படுக்கட்டும், மேலே சூடான தேத்தண்ணி ஊற்ற வேண்டாம். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்திருந்தால் அந்த நாட்களில் இது வீண், ஏனென்றால் அது நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்லும். மூன்று மாதம் போட்டும் ரத்தம் குறையாவிட்டால் நிறுத்திவிடலாம். பலன் கிடைத்தாலும் நிறுத்திய சில வாரத்தில் அந்தக் கிருமி வாயைவிட்டுப் போய்விடும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து எடுப்பவர்கள், இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வாய் நாற்றத்துக்கென்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் கே12 என்று நியூசிலாந்தில் கண்டெடுத்த வேறொன்றும் விற்கிறார்கள். அதன் ஆய்விலும் முதலில் கிருமிநாசினியால் வாயைக் கழுவிவிட்டுத்தான் குளிசை கொடுத்தார்கள். அம்மாவின் நாற்றம் பையிலிருந்து வருகிறது, பை வற்றினால் அதுவும் பெரும்பாலும் போகும்.

வீட்டில் செய்ய வேண்டியது: மென்மையான பிரஷ், ஃபுளோரைட் உள்ள பேஸ்ட், காலையிலும் படுக்கும் முன்னும் இரண்டு நிமிடம். பிரஷ்ஷைச் சாய்த்து, முடி பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி வைத்து மெல்ல அசைக்கட்டும். கரியும் உப்பும் செங்கல் தூளும் விரலும் போதும் என்றிருந்த காலம் டன்சினனில் எப்படி முடிந்தது என்று மேலே சொன்னேன். ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விடுவது எல்லோரும் செய்கிற பிழை. அந்த இடத்தில்தான் இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும், ஒழுங்காகச் சுத்தமானால் ஒரு வாரம் பத்து நாளில் ரத்தம் குறைவது கண்ணுக்கே தெரியும்.

கிளினிக்குக்குப் போகும்போது அம்மாவின் சீனிக் கிளினிக் கொப்பியையும், போடுகிற மருந்துகளையும் கையோடு கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம், வழக்கம்போலச் சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டே போகட்டும். ஒரு தடவையில் முடியாது, இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். அந்தத் திகதிகளை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டால், கொழுந்து குறைவான நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.